கல்லுக்குள் புதைந்த 'நாணயங்கள்': அந்தமான் சுண்ணாம்புப் பாறைகளின் வயதைச் சொல்லும் நுண்ணுயிர் ஓடுகள்

மாயாபந்தர் (அந்தமான்): ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியே வடக்கே சுமார் 240 கி.மீ. தொலைவில் இருக்கிறது மாயாபந்தர். 2006ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைநகரம் இதுவே. ஊரைச் சுற்றி அலையாத்திக் காடு, கடலாமைகள் முட்டையிட வரும் கர்மாதாங் கடற்கரை, 1925ஆம் ஆண்டு பர்மாவிலிருந்து குடியேறிய கரேன் மக்களின் வெபி கிராமம் என்று பயணிகள் பார்ப்பதற்குப் பல உண்டு. ஆனால் புவியியலாளர்களை மத்திய அந்தமானுக்கு அழைத்து வருவது வேறொன்று. மழைக்காட்டின் ஓடைப் படுகைகளிலும் சாலைக்காக வெட்டப்பட்ட சரிவுகளிலும் ஆங்காங்கே தலைகாட்டும் பழம்பாறைகளும், அவற்றில் சிக்கிக் கிடக்கும் சுண்ணாம்புக் கட்டிகளுமே அவை.

அந்தச் சுண்ணாம்புக் கட்டியைச் சுத்தியலால் உடைத்துப் பார்த்தால், உடைந்த முகத்தில் பருப்பளவிலும் காசளவிலும் வட்ட வட்டமான வடிவங்கள் தெரியும். குறுக்கே வெட்டுப்பட்டவை கண் வடிவில் இருக்கும். நடுவே வெட்டுப்பட்டவற்றில் சுருள் சுருளாக நூற்றுக்கணக்கான சிறு அறைகள் தெரியும். இவை சிப்பியோ நத்தையோ அல்ல. ஒரே ஒரு உயிரணுவால் ஆன ஃபோராமினிஃபெரா என்னும் கடல் உயிரினம் கட்டிய ஓடுகள். அந்தப் பாறை எந்தக் காலத்தில் கடலடியில் படிந்தது என்ற கேள்விக்கு அந்தமானில் கிடைக்கும் நம்பகமான விடைகளில் பெரும்பங்கு இந்த ஓடுகளிலிருந்தே வருகிறது.

ஓரணு உயிர், பல அறை வீடு

'துளை தாங்கி' என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து பிறந்தது ஃபோராமினிஃபெரா என்ற பெயர். ஓட்டின் அறைகளுக்கு இடையிலான சுவர்களில் துளைகள் இருப்பதால் இப்பெயர். 1826ஆம் ஆண்டு இதற்குப் பெயரிட்ட பிரெஞ்சு இயற்கை அறிஞர் அல்சீத் தோர்பிஞி, கணவாய் வகையைச் சேர்ந்த மிகச் சிறிய உயிரினங்கள் இவை என்றே எண்ணினார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1835இல், ஃபெலிக்ஸ் துஜார்தான் என்ற மற்றொரு பிரெஞ்சு அறிஞர்தான் இவை ஓரணு உயிர்கள் என்று கண்டறிந்து திருத்தினார். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலில் வாழ்ந்துவரும் இந்தக் கூட்டத்தில் இன்றும் ஏறத்தாழ 9,000 இனங்கள் உயிருடன் உள்ளன. பெரும்பாலானவை மணல் துகளைவிடப் பெரியவை அல்ல.

இவற்றுள் சில இனங்கள் மட்டும் ஓரணு உயிருக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக வளர்ந்தன. ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான, தெளிந்த கடலில் வாழ்ந்த இந்தப் 'பெரிய ஃபோராமினிஃபெரா'க்கள் தம் ஓட்டுக்குள் நுண்பாசிகளைக் குடிவைத்துக்கொண்டன. பாசி வெயிலில் உணவு சமைத்துத் தரும்; ஓடு பாசிக்குப் பாதுகாப்புத் தரும். பவளத்துக்கும் பாசிக்கும் இன்று இருக்கும் உறவைப் போன்றதே இதுவும். பாசிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால், கதிரவன் ஒளி எட்டாத ஆழத்தில் இவை வாழ இயலாது. ஆகவே இந்த ஓடுகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் ஒன்று கிடைத்தால், அது ஒளி ஊடுருவும் ஆழம் குறைந்த கடலில் உருவானது என்பது உடனே தெரிந்துவிடும். அதே இனத்தில் தடித்த, உருண்டையான ஓடுகள் அலை மோதும் மேல்மட்டத்தையும், அப்பளம் போல் மெலிந்த ஓடுகள் சற்று ஆழத்தையும் காட்டும்.

இந்தக் கூட்டத்தின் புகழ்பெற்ற உறுப்பினர் நும்முலைட். லத்தீனில் 'சிறு நாணயம்' என்று பொருள். இதன் சில இனங்கள் குறுக்களவில் 10 செ.மீ.யைத் தாண்டின. எகிப்தின் கீஸா பிரமிடுகள் கட்டப்பட்ட கற்களில் பெரும்பகுதி நும்முலைட் சுண்ணாம்புக்கல்தான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு சென்ற கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ, பிரமிடின் அடியில் கிடந்த பருப்பு போன்ற கற்களைப் பார்த்தார். பிரமிடு கட்டிய கூலியாட்கள் தின்று மிச்சம் வைத்த உணவு கல்லாகிவிட்டது என்று உள்ளூர் மக்கள் அவரிடம் கூறியதை எழுதி வைத்திருக்கிறார். 

வேறு வழியில் வயது பார்க்க இயலாதா?

கல்லின் வயது என்றதும் கார்பன் முறையே பலருக்கும் நினைவுக்கு வரும். கீழடி போன்ற அகழாய்வுகளில் அது பயன்படும். ஆனால் அதன் எல்லை சுமார் 50,000 ஆண்டுகள்தான். அந்தமானின் பழைய சுண்ணாம்புப் பாறைகளுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வயது. அவற்றில் கார்பன்-14 எப்போதோ தீர்ந்துபோயிருக்கும்.

எரிமலைக் குழம்பு இறுகி உருவான பாறையாக இருந்தால், அதிலுள்ள சிர்கான் படிகத்தில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக் கொண்டு வயதை அறியலாம். அந்தமானின் அடித்தளமாக உள்ள கடலடித் தட்டுப் பாறைகளுக்கு இந்த முறையில்தான் ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுகள் என்று 2010ஆம் ஆண்டு வெளியான ஆய்வு வயது கண்டது. சுண்ணாம்புக்கல்லோ உயிரினங்களின் ஓடுகள் குவிந்து உருவாவது. அதனுடன் பிறந்த சிர்கான் அதில் இருப்பதில்லை.

கடல்நீரில் உள்ள ஸ்ட்ரான்ஷியம் தனிமத்தின் இரு வகைகளுக்கு இடையிலான விகிதம் காலந்தோறும் மாறி வந்திருப்பதைக் கொண்டும் வயது கணிக்கலாம். மயோசீன் காலச் சுண்ணாம்புக்கு இது மிக நன்றாக உதவும். ஆனால் 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 3 கோடியே 39 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஈயோசீன் காலத்தின் பெரும்பகுதியில் அந்த விகிதம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றுவிட்டது. முள் நகராத கடிகாரத்தில் மணி பார்ப்பது போன்ற நிலை. மத்திய அந்தமானின் நும்முலைட் பாறைகள் சரியாக அந்த ஈயோசீன் காலத்தவை. அதனால்தான் புதைபடிவ ஓடுகளின் சாட்சியம் இங்கு இவ்வளவு முக்கியத்துவம் பெறுகிறது.

வந்தவர், போனவர் கணக்கு

இந்தக் காலக்கணிப்பின் அடிப்படை எளிது. பெரிய ஃபோராமினிஃபெராக்கள் வேகமாகப் பரிணமித்தன; ஓர் இனம் தோன்றும், பரவும், சில லட்சம் அல்லது சில பத்து லட்சம் ஆண்டுகளில் மறையும். மறைந்த இனம் மீண்டும் வராது. எனவே எந்தெந்த இனங்கள் ஒரே கல்லில் சேர்ந்து கிடக்கின்றன என்று பார்த்தால், அவை அனைத்தும் ஒருசேர உயிருடன் இருந்த காலம் எதுவோ அதுவே அந்தக் கல்லின் காலம்.

ஒரு சுண்ணாம்புக் கட்டியில் நும்முலைட், பெரிய அசிலினா, டிஸ்கோசைக்ளினா ஆகிய மூன்றும் இருப்பதாகக் கொள்வோம். பெரிய அசிலினா இனங்கள் ஈயோசீனின் நடுப்பகுதி முடியும்போது மறைந்துவிட்டன. ஆகவே அந்தக் கல் அதற்குப் பிந்தையதாக இருக்க முடியாது. அசிலினா இல்லாமல் டிஸ்கோசைக்ளினாவுடன் பெல்லாடிஸ்பைரா என்ற முள் ஓட்டு வகை இருந்தால், அது பெரும்பாலும் ஈயோசீனின் இறுதிப் பகுதி. ஈயோசீன் முடிவில் உலகம் குளிர்ந்து, தென்துருவத்தில் பனிப்படலம் பரவத் தொடங்கிய கட்டத்தில் டிஸ்கோசைக்ளினா கூட்டமே அழிந்தது. தப்பிப் பிழைத்த சில நும்முலைட் இனங்களுடன் லெபிடோசைக்ளினா என்ற புதிய வகை சேர்ந்து கிடந்தால் அது ஒலிகோசீன் காலம். நும்முலைட்டே இல்லாமல் மயோஜிப்சினா நிறைந்திருந்தால் மயோசீனுக்கு வந்துவிட்டோம்.

இப்படி உலகெங்கும் சேர்ந்த தகவல்களை அடுக்கி, 1998ஆம் ஆண்டு ஹோசெப் செர்ரா-கியெல் தலைமையிலான ஆய்வாளர்கள் பேலியோசீன், ஈயோசீன் ஆகிய இரு காலங்களையும் 20 'ஆழமற்ற கடலடி மண்டலங்களாக'ப் பிரித்தனர். ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் ஆண்டுகள் 20 துண்டுகளாகின்றன. சராசரியாக ஒரு துண்டுக்கு 16 லட்சம் ஆண்டுகள். மனித வரலாற்றின் அளவுகோலில் இது பெரும் பரப்பு. ஐந்து கோடி ஆண்டு தொலைவிலிருந்து பார்க்கும்போது இது நூற்றுக்கு மூன்று என்ற அளவிலான துல்லியம்.

ஆனால் அந்த அட்டவணை முதன்மையாக ஐரோப்பா, மத்தியதரைக் கடல் பகுதிகளை வைத்து உருவானது. இந்தோனேசியப் பகுதிக்கு அதற்கு வெகு முன்பே, 1927இல், டச்சு ஆய்வாளர்களான வான் டெர் வ்ளெர்க், உம்குரோவ் ஆகிய இருவரும் தனி எழுத்துமுறை அட்டவணை ஒன்றை வகுத்திருந்தனர். அங்கு வாழ்ந்த இனங்கள் பலவும் மேற்கே வாழ்ந்தவை அல்ல என்பதே காரணம். அந்தமான் இவ்விரு உலகங்களுக்கும் இடையில் நிற்கிறது. மேற்கு அட்டவணையை அப்படியே பொருத்தினாலும் பிசகு; கிழக்கு அட்டவணையை அப்படியே பொருத்தினாலும் பிசகு.

முதல் அறையின் அளவு

இனத்தின் பெயரைச் சொல்வது எப்படி என்பதுதான் வேலையின் கடினமான பகுதி. இறுகிய சுண்ணாம்புக்கல்லில் இருந்து ஓடுகளை முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது. எனவே கல்லை வைரப்பல் ரம்பத்தால் அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மி.மீ. தடிமன் வரும் வரை தேய்ப்பார்கள். அந்த அளவில் கல் ஒளி ஊடுருவும் தன்மை பெற்று, நுண்ணோக்கியின் கீழ் ஓட்டின் உள்ளமைப்பு முழுவதும் தெரியும். எந்தக் கோணத்தில் வெட்டு விழுந்தது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சரியாக நடுவே வெட்டுப்பட்ட ஓடு ஒன்று கிடைக்கப் பல தகடுகளைத் தேய்க்க வேண்டிவரும். உதிர்ந்து தனித்துக் கிடைக்கும் நும்முலைட்டுக்குப் பழைய கைப்பக்குவம் ஒன்று உண்டு. அதைத் தீயில் காட்டிச் சூடேற்றிச் சட்டென்று குளிர்ந்த நீரில் போட்டால், இட்லியை நடுவே பிளந்தது போல் சுருள் தளத்தின் வழியே இரண்டாகப் பிளந்துவிடும்.

பிளந்த ஓட்டில் ஆய்வாளர் முதலில் தேடுவது நடுமையத்திலுள்ள முதல் அறையை. உயிர் பிறந்தபோது இருந்த அறை அது. அதைச் சுற்றித்தான் மற்ற அறைகள் வரிசையாகக் கட்டப்பட்டன. பல நும்முலைட் வம்சங்களில், காலம் செல்லச் செல்ல இந்த முதல் அறையின் குறுக்களவு மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால் ஒரே கல்லிலிருந்து பல ஓடுகளின் முதல் அறையை மைக்ரோமீட்டர் கணக்கில் அளந்து சராசரி கண்டால், அந்த வம்சத்தின் வரலாற்றில் அந்தக் கல் எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஷாப் 1981இல் வெளியிட்ட நும்முலைட், அசிலினா பற்றிய பெருநூல் இத்தகைய வம்சவழி ஆய்வுக்கு இன்றும் அடிப்படை. மயோஜிப்சினாவிலும் இதே போன்ற படிநிலை மாற்றம் உண்டு. அங்கு முதல் அறையைச் சுற்றிய சுருளின் நீளம் காலப்போக்கில் குறைந்துகொண்டே வந்தது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே இனத்துக்கு இரு உருவங்கள். பாலிலா முறையில் பிறந்த தலைமுறைக்குச் சிறிய ஓடு, பெரிய முதல் அறை. பாலினச் சேர்க்கையில் பிறந்த தலைமுறைக்கு மிகப் பெரிய ஓடு, கண்ணுக்கே தட்டுப்படாத சிறு முதல் அறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விரு உருவங்களுக்கும் வெவ்வேறு பெயர் சூட்டி, இரு தனி இனங்களாகவே பதிவு செய்துவந்தார்கள். பழைய நூல்களிலுள்ள பெயர்ப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு வயது சொல்வது இதனால்தான் ஆபத்தானது.

அந்தமானின் தனிச் சிக்கல்

சமதளமாக அடுக்கடுக்காகப் படிந்த பாறைகளில் கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. குஜராத்தின் கட்ச் பகுதியில் நும்முலைட் பாறைகள் அப்படித்தான் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. அங்கு அடுக்கின் வரிசையே பாதி விடையைச் சொல்லிவிடும். அந்தமானில் அந்த வசதி இல்லை.

இந்தியத் தட்டு பர்மா தட்டின் அடியில் அமிழும் எல்லையில் எழுந்தவை அந்தமான் தீவுகள். அமிழும் தட்டின் மேலிருந்த படிவுகள் வழித்தெடுக்கப்பட்டு, ஒன்றன் மேல் ஒன்றாகத் திணிக்கப்பட்டு, சீட்டுக்கட்டைக் கலைத்து அடுக்கியது போல் குவிந்து மலைத்தொடரானது. பல இடங்களில் பழைய பாறை புதிய பாறையின் மேல் ஏறி நிற்கிறது. மழைக்காடு எல்லாவற்றையும் மூடியிருப்பதால் ஓர் அடுக்கைத் தொடர்ச்சியாகப் பின்தொடரவும் முடிவதில்லை. ஆகவே இங்கு மேல், கீழ் என்ற சாட்சியம் செல்லாது. ஒவ்வொரு துண்டும் தன் வயதைத் தானே சொல்ல வேண்டும்.

மத்திய அந்தமானிலும் தெற்கு அந்தமானிலும் பரவியிருக்கும் ஈயோசீன் காலப் பாறைத் தொகுதிக்கு, தெற்கு அந்தமானிலுள்ள ஒரு கிராமத்தின் பெயரால் மித்தாக்காரி தொகுதி என்று பெயர். கூழாங்கற்கள் இறுகிய பாறை, முரட்டு மணற்கல், களிப்பாறை ஆகியவை இதில் மாறி மாறி வருகின்றன. நும்முலைட் சுண்ணாம்பு இதில் தனி அடுக்காகவும், பிற பாறைகளுக்குள் உருண்டு விழுந்து சிக்கிய கட்டியாகவும், மணலோடு கலந்த உதிரி ஓடுகளாகவும் கிடைக்கிறது. கேள்வி இங்குதான் எழுகிறது. நும்முலைட்டின் வயது அந்த மணற்கல்லின் வயதா, அல்லது மணற்கல் படிவதற்கு வெகு முன்பே வேறிடத்தில் உருவாகி, உடைந்து, சரிந்து வந்து சேர்ந்த பழைய சுண்ணாம்புத் திட்டின் வயதா?

பழைய வீட்டின் செங்கல்லை எடுத்துப் புதுச் சுவர் கட்டினால், செங்கல்லில் பொறித்த ஆண்டு சுவர் எழுந்த ஆண்டு ஆகாது. சுவர் அந்த ஆண்டுக்கு முந்தையது அல்ல என்று மட்டும்தான் அது சொல்லும். இடம்பெயர்ந்த புதைபடிவத்தின் சாட்சியமும் அவ்வளவே. வேறுபாட்டைக் கண்டறிய ஆய்வாளர்கள் சில அடையாளங்களைப் பார்க்கிறார்கள். ஓட்டின் விளிம்பு தேய்ந்து உடைந்திருக்கிறதா? ஓட்டின் அறைகளுக்குள் நிரம்பியிருக்கும் களியும் வெளியே சூழ்ந்திருக்கும் களியும் ஒன்றா, வேறா? சேர்ந்து வாழ்ந்திருக்கவே முடியாத இரு காலத்து இனங்கள் அருகருகே கிடக்கின்றனவா? ஆழ்கடல் களியில் ஒளி தேடி வாழ்ந்த நும்முலைட் கிடந்தால், அது தானாக அங்கு வாழவில்லை என்பது உறுதி. அத்தகைய நேரத்தில் அதே பாறையில் உள்ள மிதவை வகை ஃபோராமினிஃபெராவும், சுண்ணாம்புத் தகடணிந்த நுண்பாசிகளும், மணலில் வந்து சேர்ந்த சிர்கான் படிகங்களும் சாட்சிக்கு அழைக்கப்படுகின்றன. எல்லாச் சாட்சிகளிலும் மிக இளையது எதுவோ, பாறை அதைவிடப் பழையதாக இருக்க முடியாது.

இது வெறும் நூலகக் கேள்வி அன்று. மித்தாக்காரி மணற்கற்களில் எரிமலைத் தீவு வரிசை ஒன்றிலிருந்து அரிக்கப்பட்டு வந்த துகள்கள் உள்ளன. அவற்றின் வயது சரியாகத் தெரிந்தால், தட்டு அமிழ்தல் எப்போது வேகம் கொண்டது, கடலடியிலிருந்து நிலம் எப்போது தலைதூக்கியது, ஆழமற்ற கடற்திட்டுகள் எங்கே இருந்தன என்ற வரலாறு தெளிவாகும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுமத்ரா முதல் அந்தமான் வரை கடலடி பிளந்ததும் இதே தட்டு எல்லையில்தான். வயதில் ஒரு கோடி ஆண்டு பிசகினால் அந்த வரலாறு முழுவதும் தவறான வரிசையில் எழுதப்படும்.

நூற்று நாற்பது ஆண்டுத் தேடல்

அந்தமான் பாறைகளை முதலில் ஒழுங்குபடுத்திப் பிரித்தவர் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் ஆர்.டி. ஓல்டாம். 1885ஆம் ஆண்டு வெளியிட்ட குறிப்பில், பழைய மணற்கற்களைப் 'போர்ட் பிளேர் வரிசை' என்றும், கிழக்கே உள்ள சிறு தீவுகளின் இளம் பாறைகளை 'ஆர்ச்சிபெலாகோ வரிசை' என்றும் அவர் அழைத்தார். பின்னர் ஜி.எச். டிப்பர் 1911இல் தீவுகளின் புவியியல் பற்றித் தனி நூல் எழுதினார். 1920களில் இ.ஆர். ஜீ மத்திய அந்தமானை மையமாகக் கொண்டு விரிவான ஆய்வறிக்கை வெளியிட்டார். சாலையே இல்லாத நாளில், படகிலும் கால்நடையாகவும் திரட்டிய தகவல்கள் அவை. 1968இல் கருணாகரன், ரே, சாஹா ஆகியோர் வகுத்த பகுப்பு பின்வந்த ஆய்வுகளுக்கு அடித்தளமாக அமைந்தது.

இளம் பாறைகளின் கதை வேறு. ரிட்ச்சி தீவுக்கூட்டத்தின் வெண்மையான களிப்பாறைகள் ஆழ்கடலில் அமைதியாகப் படிந்தவை. மிதவை ஃபோராமினிஃபெரா அவற்றில் ஏராளம். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ். ஸ்ரீநிவாசன் 1970களில் அவற்றை ஆராய்ந்து, நீலியன், ஹாவ்லாக்கியன், ஓங்கியன் என்று தீவுகளின் பெயராலும் பழங்குடியினர் பெயராலும் காலப் பிரிவுகளை வகுத்தார். ஜேம்ஸ் கென்னட்டுடன் சேர்ந்து அவர் 1983இல் வெளியிட்ட மிதவை ஃபோராமினிஃபெரா பட நூலை உலகெங்கும் கடலாய்வுக் கப்பல்களின் ஆய்வுக்கூடங்களில் காணலாம். ஹாவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவாகவும், நீல் தீவு ஷாகித் தீவாகவும் 2018இல் பெயர் மாறிவிட்டன. காலப் பிரிவுகளின் பெயர்களில் மட்டும் பழைய தீவுப் பெயர்கள் அப்படியே நிற்கின்றன.

மிதவை வகை கடல் நீரோட்டத்தோடு உலகெங்கும் பரவும். அதனால் அந்தமானின் வயதைப் பசிபிக்கின் வயதோடு நேரடியாக ஒப்பிட முடியும். கடலடியில் ஊர்ந்து வாழ்ந்த பெரிய வகைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஆனால் ஆழமற்ற கடலின் சுண்ணாம்பில் மிதவை வகை அரிதாகவே கிடைக்கும். எனவே இரண்டு கடிகாரங்களும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ள, இரு வகையும் சேர்ந்து கிடக்கும் பாறையைத் தேடி அலைவதே களப்பணியின் பாதி.

கொல்லத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை

இந்த முறை தமிழர் வாழும் நிலத்துக்கும் அந்நியமானதன்று. யாழ்ப்பாணத் தீபகற்பம் முழுவதும் ஒரு சுண்ணாம்புப் பாறையின் மேல் அமர்ந்திருக்கிறது. ஆறில்லாத அந்த மண்ணில் கிணற்று நீர் அந்தப் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும்தான் தங்குகிறது. அது மயோசீன் காலத்தது என்பதை 1923ஆம் ஆண்டு வேலண்ட், டேவிஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு விளக்கியது. கேரளத்தின் கொல்லம் பகுதிச் சுண்ணாம்பிலிருந்து எச்.ஜே. கார்ட்டர் 1853இல் விவரித்த 'மலபாரிகா' என்ற வட்டத் தகடு போன்ற ஃபோராமினிஃபெரா இலங்கையின் மயோசீன் சுண்ணாம்பிலும் கிடைக்கிறது. ஏறத்தாழ 2 கோடி முதல் 1 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட குறுகிய காலத்தில் மட்டும் வாழ்ந்த இனம் அது. கொல்லத்துப் பாறையும் கடலுக்கு அப்பாலுள்ள இலங்கைப் பாறையும் ஒரே காலக் கடலின் படிவுகள் என்று கூற அந்த ஒரு சிறு தகடு போதுமானதாக இருக்கிறது.

அரியலூர் வட்டாரத்தில் சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் இவற்றைவிடப் பழையது. கிரெட்டேசியஸ் காலக் கடலின் படிவு. அங்கு அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் புகழ்பெற்றவை என்றாலும், அடுக்குகளை நுணுக்கமாகப் பிரிக்க ஃபோராமினிஃபெராவும் உதவியிருக்கிறது. கல்லக்குடி, கல்லாங்குறிச்சி, நின்னியூர் என்று அந்த வட்டாரத்தின் ஊர்ப் பெயர்கள் புவியியல் நூல்களில் இடம்பெற்று நெடுங்காலமாகிறது.

நும்முலைட்டின் மிகப் பெரிய சாட்சியம் இமயத்தில் பதிவாகியுள்ளது. லடாக்கின் சான்ஸ்கர் மலைகளில், கடல்மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கும் மேல், நும்முலைட் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. இந்திய நிலத்துக்கும் ஆசிய நிலத்துக்கும் இடையே இருந்த டெதிஸ் கடலின் கடைசிப் படிவுகளுள் அதுவும் ஒன்று. அதற்கு மேல் கடல் பாறை இல்லை. ஆகவே அந்தக் கடைசிச் சுண்ணாம்பின் வயதைக் கணித்தால், இரு நிலங்களும் மோதிக் கடல் மூடிய காலம் கிடைக்கும். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் என்ற கணக்கில் இந்த ஓடுகளின் பங்கு பெரிது.

எண்ணெய்க் கிணறுகளின் வழிகாட்டி

ஃபோராமினிஃபெரா ஆய்வுக்கு உலகெங்கும் பணம் வந்ததற்குக் காரணம் பெட்ரோலியம். துரப்பணக் கருவி பாறையை நொறுக்கி மேலே அனுப்பும் துகள்களில் பெரிய சிப்பிகள் பிழைப்பதில்லை. நுண் ஓடுகள் பிழைக்கும். கிணறு எந்தக் காலப் பாறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அவற்றைப் பார்த்தே நிபுணர்கள் சொல்வார்கள். அந்தமான் கடலில் இந்த அறிவின் தேவை இப்போது கூடியிருக்கிறது. கிழக்குக் கரையிலிருந்து 17 கி.மீ. தொலைவில், 295 மீட்டர் ஆழக் கடலில் தோண்டப்பட்ட ஸ்ரீ விஜயபுரம்-2 கிணற்றில் இயற்கை எரிவாயு இருப்பது தெரியவந்ததாக மத்திய பெட்ரோலியத் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் புரி 2025 செப்டம்பரில் அறிவித்தார். எந்த அடுக்கு வாயுவைத் தேக்கியது, அது கரையில் தெரியும் எந்தப் பாறைக்கு இணை என்ற கணக்கில் வயது முதல் கேள்வி.

எழுந்த கரையும் கலந்த மணலும்

2004ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர் பகுதி தாழ்ந்தது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. மாயாபந்தருக்கு மேற்கே உள்ள இன்டர்வியூ தீவின் கரையில் கடலடியில் இருந்த பவளத் திட்டுகள் வெயிலில் வெளிப்பட்டு வெளுத்து இறந்தன. பவளத் திட்டுகளின் மணலில் நும்முலைட்டின் இன்றைய உறவினர்களான ஆப்பர்குலினா, ஹெட்டரோஸ்டெஜினா போன்றவற்றின் ஓடுகள் கலந்திருப்பது வழக்கம்.

ஈயோசீன் பாறை அரிக்கப்படும் கரைகளில், ஓடை கொண்டுவரும் நும்முலைட்டும் அண்மையில் இறந்த இந்த ஓடுகளும் ஒரே மணலில் வந்து கலக்கின்றன. இரண்டுக்கும் இடையே நான்கு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி. அந்த மணல் இறுகிக் கல்லானால் அதன் வயதைச் சொல்லப்போவது கண்ணைக் கவரும் பெரிய நும்முலைட் அல்ல, அதனருகே கிடக்கும் சிறிய இளைய ஓடுதான். மித்தாக்காரிப் பாறையின் ஒவ்வொரு தகட்டிலும் ஆய்வாளர்கள் தேடுவது அந்த இளைய ஓட்டைத்தான்.